எந்தப் பொம்மைக்கு என்ன சீக்கு?

தாயத்தில் கட்டை விழுந்ததற்காகச் சண்டை வருவது அபூர்வம். பித்தளைக் கட்டை இரண்டும் உருண்டு நின்றால் விழுந்தது எல்லார் கண்ணிலும் படும். சண்டை மூள்வது "உனக்கு வெட்டு இருக்குதா?" என்கிற கேள்வியில்தான். எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டியிருந்தால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம், பழம் எடுக்கலாம். வெட்டியது எப்போதோ. நடுவில் காபி வந்தது, பால்காரர் கணக்கு பார்த்துவிட்டுப் போனார், கரன்ட் போய் வந்தது. கட்டத்தில் உட்கார்ந்திருக்கிற புளியங்கொட்டையைப் பார்த்து அது வெட்டின கொட்டையா, வெட்டாத கொட்டையா என்று யாரால் சொல்ல முடியும்?

ஆயாவால் முடியும். திண்ணை ஓரத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். ஆட்டத்தில் அவர் இல்லை. தலையைத் தூக்காமலே சொல்வார்: "அவளுக்கு வெட்டு இருக்குது. உன் வளையல் துண்டைத்தான் வெட்டினா. நீ அப்போ கொடியில துணி எடுக்கப் போயிருந்தே." அதோடு வழக்கு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது.

மணவூர்ப் பக்கம் இந்த வேலை கொஞ்சம் கூடுதல். சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற மின்ரயிலில் செஞ்சி பானம்பாக்கம் தாண்டினால் மணவூர், அடுத்தது திருவாலங்காடு. ஆந்திர எல்லை எட்டிப் பிடிக்கிற தூரம். நாலு வீட்டில் ஒரு வீட்டிலாவது அடுப்படியில் தெலுங்கு கேட்கும். அவர்கள் சோழி குலுக்கி அஷ்டா சம்மா ஆடுவார்கள். நாலு சோழியும் நிமிர்ந்தால் ஒரு பெயர், கவிழ்ந்தால் ஒரு பெயர், மற்றபடி சண்டை அதேதான்: வெட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. ஆயா இரண்டு மொழியிலும் தீர்ப்பு வழங்குவார்.

இந்த ஆயாவின் பேரன்தான் நம்மவர். காலையில் மின்ரயிலைப் பிடித்து சென்னைக்குப் போய் கம்பெனியில் உட்கார்கிறார், இரவு திரும்புகிறார். கம்பெனி நண்பர்கள் நாலு பேர் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்டது. டிஎம் என்று ஒருவர் கதை சொல்லுவார், பேய் பிசாசெல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு வீரன், மந்திரவாதி, பூசாரி. எது நடக்கும் நடக்காது என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். சண்டை வந்தால் கட்டம் போட்ட விரிப்பில் பொம்மைகளை நிறுத்துவார்கள். ஒரு கட்டம் ஓர் அங்குலம், கதையில் அது ஐந்தடி. பொம்மை கட்டைவிரல் உயரம். வாளும் தாடியும் கோபமுமாக நிற்கும். மணவூர் வீட்டு மொட்டை மாடியில், தென்னை நிழல் நகர நகரப் பாயை நகர்த்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இது நடக்கிறது.

இந்த ஆட்டத்தில் சாவது சுலபம். சாகாமல் அவஸ்தைப்படுவதுதான் அதிகம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிநூல் 15 வகை அவஸ்தையைப் பட்டியல் போடுகிறது. விஷம் ஏறினால் அடிக்கும்போது பகடையை இரண்டு தடவை போட்டுச் சின்னதை எடுக்க வேண்டும். பயம் பிடித்தால் பயந்த பக்கம் ஓரடியும் நெருங்க முடியாது. வசியம் வைத்தவரைத் தொட முடியாது. கல்லாகிவிட்டால் எடை பத்து மடங்கு, வயசு மட்டும் ஏறாது. அகலிகை திரும்பி வந்தபோது அழகு குறையாமல் வந்தது எப்படி என்பது எனக்கு இதைப் படித்தபோதுதான் புரிந்தது. அசதிக்கு மட்டும் ஆறு படிகள். ஐந்தாம் படியில் நடை பூஜ்யம், ஆறில் மரணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரக்கோணம் வண்டியில் நின்று வருகிறவர்கள் ஐந்தாம் படியை நன்றாக அறிவார்கள்.

பல அவஸ்தைகளுக்கு ஒரு கெடு உண்டு. சில ஒரு நிமிடம், சில அடுத்த முறை வரும்வரை, சில ஒவ்வொரு சுற்றிலும் பகடை போட்டுத் தெளிய வேண்டியவை. ஒரு சுற்று என்பது கதையில் ஆறு விநாடி. மாடியில் அது அரை மணி நேரம். ஆக, ஒரு நிமிடம் இழுத்துக்கொண்ட கை கால் சரியாவதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள். யாருக்கு எது எப்போது வந்தது, எப்போது போகும் என்பதை மனசில் வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். அமெரிக்கர்கள் ஓர் ஆயாவைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதியிருந்தால் இந்தப் புத்தகம் பாதிப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

நம்மவரிடம் ஓர் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. அம்மா கழித்துவிட்டது, திறந்தால் இன்னும் வெந்தய வாசனை அடிக்கும். கடுகு இருந்த கிண்ணத்தில் பச்சை வளையங்கள்: விஷம். மஞ்சள் இருந்த கிண்ணத்தில் கறுப்புக் கயிற்று முடிச்சுகள்: வசியம். சீரகக் கிண்ணத்தில் ரப்பர் பேண்டு: யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், நகர முடியாது. திருத்தணி மலையடிவாரக் கடையில் கைக்குழந்தைக்கு விற்கிற சிவப்புக் கண்ணாடி வளையல்: வாதம். நீலம்: ஸ்டன். ஸ்டன்னுக்கு மட்டும் யாரும் தமிழ் தேடவில்லை, ஸ்டன் ஆகி நிற்கிறவனைப் பார்த்தால் வேறு வார்த்தை வராது.

பச்சையும் நீலமும் தண்ணீர் பாட்டில் வளையங்கள். மூடியைத் திருகினதும் கழுத்தில் தங்கிவிடுமே, அது. பொம்மையின் அடிவட்டைச் சுற்றிக் கச்சிதமாக உட்கார்கிறது என்பதை உலகமெங்கும் இந்த ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம்மவர் ஒரு படி மேலே போனார். கையை விரித்து நிற்கிற மந்திரவாதிக்குத் தலைவழியாக வளையம் இறங்காது. அழுத்தினால் கோல் முறியும். ஆகவே பிளேடால் ஒரு பக்கம் நறுக்கி, பக்கவாட்டில் மாட்டுகிற மாதிரி செய்துவிட்டார். குப்புற விழுந்த பொம்மையை நிஜமாகவே குப்புறப் போடுவதற்கும் தடை. மூக்கில் பெயின்ட் உதிர்கிறதாம். அதற்கு ஒரு வெள்ளை வளையம். வளையம் மாட்டினால் "காப்பு கட்டியாச்சு" என்பார், எடுத்தால் "காப்பு அவுத்தாச்சு". கெங்கையம்மன் திருவிழா பார்த்து வளர்ந்தவர்.

இந்த வளையங்களுக்காக அவர் கல்யாண மண்டபங்களில் செய்கிறதுதான் குடும்பத்துக்குத் தலைகுனிவு. பந்தி முடிந்து இலை எடுப்பதற்குள் வரிசையோரமாகப் போய், குட்டி பாட்டில்களின் கழுத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருப்பார். பெண் பார்க்கும் பேச்சு ஒன்று இதனாலேயே நின்றது. "பையன் கம்பெனியிலதானே வேலைன்னீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை.

ஆட்டத்தில் அவரைப் பார்க்க வேண்டும்.

"நான் ஓடிப்போய் அந்தப் பேய் தலைமேலயே ஒண்ணு போடறேன்" என்று ஒருவர் பொம்மையை நகர்த்த ஆரம்பிப்பார்.

"எங்க ஓடற? நீ குப்புறக் கிடக்கிற."

"நான் எப்ப விழுந்தேன்?"

"நீ பஜ்ஜிக்குச் சட்னி ஊத்திக்கினு இருந்தப்ப. எழுந்திருக்கவே உன் நடையில பாதி பூடும். விஷம் வேற இருக்குது. ரெண்டு தடவை போட்டுச் சின்னதை எடுத்துக்கோ."

"விஷம் போன ரவுண்டே தெளிஞ்சிடுச்சு மச்சி!"

"தெளிஞ்சது உன் பக்கத்துல நிக்கிற பூசாரிக்கு. நீ போட்டது எட்டு."

எட்டு! போட்டவருக்கே மறந்த எட்டு. இதைச் சொல்லும்போது நம்மவர் முகத்தில் வருகிற நிம்மதியைக் கவனிக்க வேண்டும். கெட்ட எண்ணம் துளியும் இருக்காது. ஒருவருக்கு ஒரு சீக்கு இருப்பதும், அது அவருக்கே மறந்து போயிருப்பதும், தான் அதை எடுத்துச் சொல்வதும்: இந்த மூன்றும் கூடுகிற நேரத்துக்காகவே அவர் வாரம் முழுக்க மின்ரயிலில் நிற்கிறார். செல்போனில் இதற்கெல்லாம் ஆப் வந்துவிட்டது. ஒருவர் அதைப் போட்டுக் காட்டினார். நம்மவர் பார்த்துவிட்டு, "இது சொல்லாதே, நாமதானே பார்க்கணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விதி பேசுகிறவர்கள் வேறு ஜாதி. அவர்களோடு இவரைக் குழப்பக் கூடாது. விதி பேசுகிறவர் தனக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருப்பார். நம்மவருக்குப் பட்சபாதம் கிடையாது. டிஎம் ஒருநாள் சுடுகாட்டில் பிணந்தின்னிப் பேய்களை இறக்கினார். ஆங்கிலத்தில் கூல் என்பார்கள். அடுத்த ஸ்டேஷனிலேயே காரைக்கால் அம்மையார் பேயுருவோடு இருந்து பாடின திருவாலங்காடு இருக்கும்போது வெளியூர்ப் பேருக்கு அவசியமில்லை என்று ஆலங்காட்டுப் பேய் என்றே ஆக்கிக்கொண்டார்கள். அதன் நகம் கீறினால் வாதம். எல்லாருக்கும் சிவப்பு வளையல் ஏறிவிட்டது. அடுத்த வீட்டுத் தம்பி அழுகிற நிலைமையில் உட்கார்ந்திருந்தான். நம்மவர் மெதுவாகக் கையை நீட்டி அவன் பொம்மையின் வளையலைக் கழற்றினார். "நீ எல்ஃப். எல்ஃபுக்கு இந்தப் பேய் நகம் ஒட்டாது. போன மாசமே சொன்னேன்." அன்றைக்கு ஆட்டத்தை அந்தத் தம்பிதான் ஜெயித்துக் கொடுத்தான். அவன் இப்போதும் இவரை ஒருமையில் பேசுவதில்லை.

ஆனால் செத்த பேயை எழுப்பினதை மட்டும் யாரும் மன்னிக்கவில்லை. பேய்த் தலைவன் விழுந்தாயிற்று. கைதட்டல். பிரியாணிப் பொட்டலம் பிரிக்கிற சத்தம். "ஒரு நிமிசம்" என்றார் நம்மவர். எல்லார் கையும் நின்றது.

"பூசாரி மூணு ரவுண்டுக்கு முன்னாடி அடி வாங்கினான். அடி வாங்கினா மந்திரத்தைப் புடிச்சிக்கினு இருக்க முடியுதான்னு பகடை போடணும். போட்டோமா?"

போடவில்லை. போட்டார்கள். நாலு விழுந்தது, மந்திரம் அப்போதே கலைந்துவிட்டது. "இப்ப பேய் மேல போட்ட கடைசி வெட்டு பதிமூணு. அதுல மூணு பூசாரி ஆசீர்வாதம். கழிச்சா பத்து. பேய்க்குப் பன்னண்டு வேணும்." பேய்த் தலைவன் எழுந்து உட்கார்ந்தான். பிரியாணி ஆறியது. டிஎம் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

வீட்டிலும் இப்படித்தான். தினசரிக் காலண்டரைக் கிழிக்கிறவர் இவர்தான்; யாருக்கு இன்றைக்குச் சந்திராஷ்டமம், எத்தனை மணிக்கு விலகுகிறது என்று காபிக்கு முன்னால் அறிவித்துவிடுவார். பெரியப்பாவுக்கு ஏழரை எந்த மாசம் முடிகிறது என்று பெரியப்பாவே இவரைத்தான் கேட்கிறார். சொந்தத்தில் கல்யாணமென்றால் மொய் நோட்டு இவர் கையில். இப்படிப்பட்டவரிடம் கைமாற்று வாங்குவது புத்திசாலித்தனமல்ல என்பது மட்டும் என் அபிப்பிராயம்.

வேடிக்கை என்னவென்றால் ஆட்டத்தில் அவருக்கும் ஒரு வீரன் உண்டு. முறை வந்தால் "பக்கத்துல இருக்கிறதை வெட்டறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி பெட்டியைத் துழாவுவார். ஆடி மாசத்தில் அந்த வீரன் அடிபட்டு மயங்கி விழுந்தான். அதற்கப்புறம் அந்த ஒரு வாக்கியம் பேசுகிற தொல்லையும் இல்லாமல் போய், முழு நேரமும் மற்றவர்கள் சீக்கைக் கவனிக்க முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருத்தணி மலையில் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. பெட்டியை மாடியில் வைத்துவிட்டுப் போனார். அவர் இல்லாத ஆட்டம் முதலில் பறந்தது. விழுந்தவர்கள் ஓடினார்கள், கண் தெரியாதவர்கள் குறி பார்த்து அம்பு விட்டார்கள், யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு பேய் கல்லாகி நின்றதா, ஸ்டன் ஆகி நின்றதா என்று ஆரம்பித்து, வாக்குவாதம் முற்றி, ஒருவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிற அளவுக்குப் போய்விட்டது. போன் போட்டார்கள்.

மலையில் மொட்டை போடுகிற வரிசையில் குழந்தை வீறிடுகிற சத்தத்துக்கு நடுவே நம்மவர் பேசினார். "இடது ஓரத்துப் பேய்க்கு ஸ்டன், நீலம் மாட்டியிருப்பேன் பாரு. தூண் பக்கத்துல நிக்கிறது கல்லு. பூசாரிக்கு விஷம், இன்னும் நாலு ரவுண்டு. தம்பிக்கு ஒண்ணும் இல்ல." எல்லாம் சரியாக இருந்தது. ஹெல்மெட் இறங்கியது.

"அது சரி, ஆடியில என் ஆளு வுழுந்தானே, அவனை யாராவது எழுப்பினீங்களாடா?"

"மச்சி... உன் பொம்மை சும்மாதானே கிடந்தது. பேய்க்குப் பொம்மை ஒண்ணு குறைஞ்சதுன்னு அதை எடுத்து நிக்க வெச்சிட்டோம். போன வாரமே வெட்டியாச்சு."

"எந்தப் பேய்? கறுப்புக் கயிறு கட்டினதா, கட்டாததா?"