வானம் பார்த்த பூமியில் வாத்து

சிவகாசிக்காரனுக்கு ஈரம் என்றாலே ஆகாது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே ஊன்றியதற்கு, எட்டிப் பார்க்காத மழையும் ஒரு காரணம். குச்சி காயணும், மருந்து காயணும், பட்டாசு நமுக்கக் கூடாது. பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற பட்டாசு ஆலை வாசலில் வானம் இருட்டினால் போர்மேன் முகமும் இருட்டும். அப்படிப்பட்ட சீமையில் கோழி வளர்ப்பது நியாயம். வாத்து வளர்ப்பது ஊர்த் துரோகம் என்பது பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கட்சி. அவரும் ஒரு போர்மேன்தான்.

என் கொல்லையில் இரண்டும் மேய்கின்றன. காலையில் விளக்குமாறும் கையுமாக நிற்பவன் நான் என்பதால், இதில் என் சொல்லுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

கோழியின் வயிறு விருதுநகர் மண்டி மாதிரி. வந்த சரக்கு முதலில் கழுத்தடி இரைப்பை என்கிற கிட்டங்கியில் இறங்கும். அங்கே ஊறி, அவசரமில்லாமல் கீழே போகும். கல்லும் மண்ணும் கிடக்கிற அரைவைப்பையில் கம்பும் சோளமும் மாவாகும். கடைசியில் வெளியே வருவது ஓரளவு கெட்டியான உருண்டை, அதன் தலையில் வெள்ளைத் தொப்பி. அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். பறவைக்கு மூத்திரப்பை கிடையாது; கழிவை யூரிக் அமிலமாக்கி, தண்ணீரை மிச்சம் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே வாசலில் அனுப்பிவிடும். ஒன்றுக்கும் ரெண்டுக்கும் ஒரே பில். ஏழெட்டுத் தடவைக்கு ஒருமுறை மட்டும், இரண்டு குடல்வால்களில் புளித்துக் கிடந்த சரக்கு பழுப்புப் பசையாக வரும். அந்த நாற்றத்துக்குப் பயந்து கோழியைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். அது நோயில்லை, சுபாவம்.

வாத்துக்குக் கிட்டங்கியே கிடையாது. உணவுக்குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், அவ்வளவுதான். அரைவைப்பை உண்டு, நத்தை ஓட்டையே நொறுக்கும். ஆனால் எதையும் தண்ணீர் இல்லாமல் இறக்காது. ஒரு வாய் தவிடு, தொட்டிக்கு ஓட்டம், அலகை முக்கி ஒரு உதறல், திரும்ப ஓட்டம். பத்தே நிமிடத்தில் தொட்டித் தண்ணீர் கஞ்சியாகிவிடும். கோழி, தின்ற எடையைப் போல இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூட. வாத்துக்கு நாலைந்து பங்கு வேண்டும். குடித்தது எங்கே போகும்? கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். வாத்து எச்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு. கோழி போட்டதைக் கூட்டலாம். வாத்து போட்டதைக் கழுவத்தான் முடியும். கழுவத் தண்ணீர்? லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கணும்.

"எதுக்குடா இந்தச் சனியன்?" என்றார் அண்ணாச்சி.

"வயலில் விட்டா உரம் அண்ணாச்சி. அறுவடை முடிஞ்ச வயலில் மந்தை இறங்கினா, சிந்தின நெல்லைத் தின்னுட்டு உரத்தைப் போட்டுட்டுப் போயிரும்."

"உன் வயல் எங்கே இருக்கு?"

அது வேறு விஷயம்.

அவருடைய தொழிலுக்கும் எச்சத்துக்கும் உறவு உண்டு என்று ஒருநாள் எடுத்துவிட்டேன். ரசாயன ஆலைகள் வருவதற்கு முன் வெடியுப்பு எங்கிருந்து வந்தது? சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணிலிருந்து. அப்படிச் சுரண்டிக் காய்ச்சிய பீகார் வெடியுப்பைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கப்பலேற்றி ஐரோப்பியப் பீரங்கிகளுக்குக் கொடுத்தான். அண்ணாச்சி என் கோழிகளை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார். வாத்துப் பக்கம் திரும்பியதும், "இது குடுத்தா வெடி நமுத்துப் போகும்" என்று முடித்துவிட்டார்.

ஆனால் எந்நேரமும் சாக்கடையில் அலகைவிட்டுத் துழாவுகிற இந்த வாத்துக்கு ஒரு விஷயத்தில் மகா மென்மையான வயிறு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. வாத்துக்குஞ்சுகளும் தப்பவில்லை. பிரேசில் கடலைப் புண்ணாக்கில் பூத்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம். அஃப்ளாடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். கோழி ஓரளவு தாங்கும், வாத்துக்குஞ்சு தாங்காது. அதனால் அந்த நஞ்சைச் சோதிக்க ஒருநாள் குஞ்சுகளையே ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். நாமோ எண்ணெய்க்கும் கடலைக்கும் பேர்போன விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்த புண்ணாக்கை அள்ளி வைக்கிற ஊர். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, மோந்து பார்த்தாலும் பிடிபடாது. ஆகவே என் வாத்துகளுக்குத் தவிடும் குருணையும்தான். புண்ணாக்குக் கடைக்காரர் இதைக் கேட்டு, தன் சரக்கைப் பழித்ததாக என்னிடம் பேசுவதில்லை.

அண்ணாச்சி இப்போது என் கோழி எருவை மட்டும் மாதம் ஒரு சாக்கு எடுத்துக்கொள்கிறார், தென்னைக்கு. பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும், மட்கவையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம், "வாத்தோடதும் ஒரு சாக்கு குடேன், சும்மாதானே கிடக்கு" என்றார்.

"சாக்கு ஆகாது அண்ணாச்சி. குடம் கொண்டாங்க."