மேக்கிங் அண்ணாச்சி

படம் முடிந்து விளக்கு போட்டதும் எல்லோரும் காலால் செருப்பைத் துழாவுவார்கள். ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஜெனரேட்டர் வண்டி ஓட்டியவர், சாப்பாடு போட்டவர், மூன்றாவது உதவியாளருக்கு உதவியாக இருந்தவர் என்று அத்தனை பேரும் மேலே ஏறி மறைந்து, துடைப்பத்தோடு பையன் வந்து நின்ற பிறகுதான் எழுவார். வெளியே நாலு பேர் கூடி நிற்பதைப் பார்த்ததும் தொண்டையைச் செருமுவார்.

"கதைய விடுடே. மேக்கிங்க பாத்தியா?"

இவர்தான் மேக்கிங் அண்ணாச்சி. எனக்குத் தெரிந்தவருக்குப் பாளையங்கோட்டையில் பெயிண்ட் கடை. உங்கள் ஊரில் அவர் பேங்க்கில் இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கலாம். தொழில் மாறினாலும் தீர்ப்பு மாறாது. "டெக்னிக்கலா ஸ்ட்ராங்கு. ஃபர்ஸ்ட் ஹாஃப் டைட்டு. செகண்ட் ஹாஃப்தான் கொஞ்சம் லேக்." இந்த மூன்று வரியும் இதுவரை வந்த எல்லாப் படத்துக்கும் பொருந்தும், இனி வரப்போகிற படத்துக்கும் பொருந்தும். செகண்ட் ஹாஃப் இழுப்பதற்கு உண்மைக் காரணம், இடைவேளையில் வாங்கிய பப்ஸ் அதற்குள் தீர்ந்துபோவதுதான் என்பது என் துணிபு.

ஒரு படம் அண்ணாச்சியை அசத்த வேண்டுமென்றால் அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி கஷ்டம். நடிகர் பட்டினி கிடந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் ஒரு எலும்பாவது முறிந்திருக்க வேண்டும். 1999-ல் வந்த 'சேது'வுக்காக விக்ரம் உடம்பைக் கரைத்தார். 2015-ல் வந்த 'ஐ'க்காக மறுபடியும் கரைத்தார். "ஆளு பாதியாயிட்டான்டே!" என்றார் அண்ணாச்சி. நடிப்பு எப்படி என்று கேட்டேன். "அதான் சொல்லுதேன்லா, பாதியாயிட்டான்!" 'சேது'வின் மொட்டைத் தலைக்கும் ஒட்டிய கன்னத்துக்கும் பின்னால் நெஞ்சை உலுக்கும் நடிப்பு ஒன்று இருந்தது. அண்ணாச்சியின் கண் எடை மெஷினைத் தாண்டி அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டாவது வழி கணக்கு. எத்தனை கோடி, எத்தனை நாள், எத்தனை ஷாட்? 'சுயம்வரம்' படத்தை 14 இயக்குநர்கள் சேர்ந்து 24 மணி நேரத்துக்குள் எடுத்து முடித்து கின்னஸில் ஏறியபோது, "ஒரே நாளு! என்னா பிளானிங்கு!" என்று உருகினார். வேறொரு படம் வருஷக்கணக்கில் இழுத்தபோது, "செதுக்கியிருக்கான்டே!" என்று அதற்கும் உருகினார். 'சுயம்வர'த்தில் கோடம்பாக்கமே திரண்டு நின்றதென்று ஆச்சரியம். 2019-ல் 'ஒத்த செருப்பு சைஸ் 7' படத்தில் பார்த்திபன் ஒருவர் மட்டுமே திரையில் வந்தாரென்று அதே ஆச்சரியம். சீக்கிரம் எடுத்தாலும் வியப்பு, தாமதித்தாலும் வியப்பு. கூட்டம் இருந்தாலும் வியப்பு, இல்லாவிட்டாலும் வியப்பு. அறுபது எழுபது நாளில், தேவையான ஆட்களை வைத்து, ஒழுங்காக ஒரு படம் எடுத்த அப்பாவி இயக்குநருக்குத்தான் அண்ணாச்சியிடம் வழியே இல்லை.

ஒரே ஷாட் என்றால் கேட்கவே வேண்டாம். 2022-ல் 'இரவின் நிழல்' வந்தபோது கடையில் வியாபாரமே நடக்கவில்லை. பெயிண்ட் டப்பா கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஹிட்ச்காக் கிடைத்தார். இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'ரோப்' 1948-ல், ஒரே ஷாட் போலத் தோன்றும்படி எடுக்கப்பட்டு வந்தது. அந்தக் காலத்து கேமராவில் ஒரு தடவை போடும் ஃபிலிம் பத்து நிமிஷத்துக்குமேல் ஓடாது. ஆகவே சில இடங்களில் ஒரு நடிகரின் முதுகுக் கோட்டுக்கு நெருக்கமாகக் கேமராவைக் கொண்டுபோய் இருட்டாக்கி, அங்கே அடுத்த ரீலை ஒட்டினார்கள். இதை அண்ணாச்சி விளக்கும்போது வாடிக்கையாளரின் முதுகுதான் கோட்டு, அவர் கையிலிருக்கும் ஷேட் கார்டுதான் கேமரா. அந்தப் படத்தில் இரண்டு இளைஞர்கள் நண்பனைக் கழுத்தை நெரித்துக் கொன்று பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டிமேலேயே விருந்து பரப்பி, செத்தவனின் அப்பாவையும் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். நமக்குச் சோறு இறங்காது. அண்ணாச்சிக்கோ பெட்டிக்குள் பிணம் இருப்பது ஒரு பொருட்டே இல்லை; ஜாயின்ட் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது வழி குறியீடு. குளியலறைக் காட்சியில் ஒரு பச்சை வாளி தெரிந்தால் போதும். "அது சும்மா பச்சையில்லடே. அதுல ஒரு பொறாமை இருக்கு கேட்டியா" என்பார். பெயிண்ட் வியாபாரியாயிற்றே, மறுத்துப் பேச நமக்கு என்ன தகுதி? அதே பச்சை அவர் கடையில் விற்காமல் கிடந்தபோது அதில் பொறாமை எதுவும் இல்லை. பத்து சதவீதம் தள்ளுபடிதான் இருந்தது.

அண்ணாச்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அசந்துபோவது நம் பரம்பரைச் சொத்து. அவருடைய அப்பா படத்தைக் காதால் பார்த்தவர். 1952-ல் 'பராசக்தி' வந்தபோது ஊரே வசனத்தில் கிறங்கிக் கிடந்தது. வசனப் புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்தார்கள். பிறகு 'திருவிளையாடல்' வசனம் ஒலிபெருக்கியில் முழங்காத கல்யாண வீடும் கோயில் கொடையும் அரிது. 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் கேவா கலரைப் பார்க்கவே ஒரு கூட்டம் போயிற்று. 1973-ல் 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப்பாக வந்தபோது திரையின் அகலத்தை அளந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. 1987-ல் 'நாயகன்' வந்தது. பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவும், தோட்டா தரணி சென்னையில் எழுப்பிய தாராவியும் தேசிய விருது வாங்கின. டீக்கடை பெஞ்சில் கேமராமேன் பெயர் அடிபட ஆரம்பித்த காலம் அது. அண்ணாச்சிக்கு மீசை முளைத்ததும் அப்போதுதான். அதே வருஷம் வசனமே இல்லாமல் 'பேசும் படம்' வந்தது. வசனத்துக்காகக் கை தட்டிய அப்பாவின் பிள்ளை, வசனம் இல்லாததற்காகக் கை தட்டினார்.

ஆக, அசத்துவது எது என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. முன்பெல்லாம் படத்தைப் பார்த்துவிட்டு அசந்தார்கள். அண்ணாச்சி அசந்த பிறகு படம் பார்க்கப் போகிறார். பேட்டிகளைப் பார்த்து, படம் எடுத்த கதையைக் கேட்டு, பாராட்டை வீட்டிலேயே தயார் செய்து எடுத்துக்கொண்டு தியேட்டருக்கு வருகிறார். சில சமயம் வராமலே முடித்துவிடுவதும் உண்டு. 1954-ல் பாட்டே இல்லாமல் வந்த 'அந்த நாள்' பற்றி அரை மணி நேரம் பேசுவார். கொலை செய்தது யார் என்று கேட்டால், "அதப் பாக்கணும்டே" என்பார்.

வேடிக்கை என்னவென்றால், கல்லாவில் உட்கார்ந்தால் அவரே வேறு ஆள். ஒரு நாள் பெயிண்டர் ஒருவர் வந்து, "மூணு நாளு கயித்துல தொங்கி அடிச்சேன் அண்ணாச்சி, சோறு தண்ணி கிடையாது" என்று முறையிட்டார். அண்ணாச்சி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: "நீ தொங்குனத நான் என்ன செய்யட்டும்? சுவரு திட்டுத்திட்டா இருக்குன்னு வீட்டுக்காரன் நிக்கான். சுவரப் பேசச் சொல்லு."

சினிமாவைப் பற்றி அண்ணாச்சி சொன்னதிலேயே ஆகச் சிறந்த விமர்சனம் அதுதான். அவர் அதைச் சினிமாவுக்குச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

அவருக்குள்ளும் ஒரு நல்ல ரசிகர் இருக்கிறார், மதினி பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் 'அபூர்வ சகோதரர்கள்' ஓடினால் அண்ணாச்சி வழக்கம்போலத்தான் ஆரம்பிப்பார். 1989-ல் கம்ப்யூட்டர் வித்தை இல்லாமல் கமலைக் குள்ளமாக்கியது எப்படி, முழங்காலை மடக்கினாரா, தரையில் பள்ளம் தோண்டினார்களா என்று தொடங்குவார். அரை மணி நேரத்தில் பேச்சு குறையும். அந்தக் குள்ள அப்பு ஆசை வைத்த பெண் வேறொருவனைக் கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று தெரியவரும் இடத்தில் முழங்காலும் மறந்துபோகும், பள்ளமும் மறந்துபோகும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

"ஏங்க, கண்ணு கலங்குது?"

"இல்லட்டி... லைட்டிங்கு கொஞ்சம் ஹார்ஷு."

எப்படி எடுத்தார்கள் என்ற கேள்வியைக் கிளப்புவது வித்தை. கிளப்பிய கேள்வியைப் பாதியிலேயே மறக்கடித்துவிடுவதுதான் படம். அண்ணாச்சி முதலாவதை மணிக்கணக்கில் பேசுவார். இரண்டாவது நடக்கும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அந்த மௌனத்தைவிடப் பெரிய நட்சத்திர மதிப்பெண் கிடையாது.

ஆகவே, புதுப்படம் போகலாமா என்று அண்ணாச்சியிடம் யோசனை கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமரா, கோடி, கஷ்டம் எதையும் கேட்காதீர்கள். "கடைசில அந்தப் பொண்ணு என்ன ஆனா அண்ணாச்சி?" என்று மட்டும் கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் தைரியமாக டிக்கெட் எடுக்கலாம். "பொண்ண விடுடே, மேக்கிங்க..." என்று ஆரம்பித்தால், அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு பரோட்டா சாப்பிடுங்கள்.