ரீஸ்டார்ட் மாமா

எங்கள் வீட்டு லேப்டாப்பில் வைஃபை போனால் எனக்கு முன்னால் நாலாவது மாடி மாமாவுக்குத் தெரிந்துவிடும். காலையில் என் மனைவி கீரைக்காரம்மாவிடம் “நெட்டு விட்டுவிட்டு வருது” என்று அலுத்துக்கொண்டதுதான் தகவல் போன வழியாக இருக்கவேண்டும். நான் இரண்டாவது வாய் காபி குடிப்பதற்குள் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். கையில் டெஸ்டர். வயரே இல்லாத சமாசாரத்துக்கு டெஸ்டர் எதற்கு என்று கேட்கக்கூடாது. பூசாரி கையில் வேப்பிலை எதற்கு என்று யாராவது கேட்கிறோமா?

“ரீஸ்டார்ட் பண்ணீங்களா?”

“பண்ணினேன் மாமா. மூணு தடவை.”

“நீங்க பண்றது வேற, நான் பண்றது வேற. நகருங்க தம்பி.”

இந்த ரக மனிதர்கள் நேற்று முளைத்தவர்கள் அல்ல. எண்பதுகளில் மொட்டைமாடியில் ஏறி, ஆண்டெனாக் குழாயைக் கட்டிப்பிடித்துத் திருப்பி, “இப்போ தெரியுதா?” என்று கத்தியவர்கள் இவர்கள்தான். கீழேயிருந்து “புள்ளி புள்ளியா வருது” என்று பதில் போகும். காற்று ஒத்துழைத்த நாட்களில் சென்னையிலிருந்தே இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துக் காட்டியவர் எங்கள் மாமா. அந்தப் பெருமை இன்னும் அடங்கவில்லை. பிறகு கேபிள் வந்தது. ஆண்டெனாக் குழாய்களில் துணிக்கொடி கட்டினார்கள். மாமா பல வருஷம் தொழில் இல்லாமல் இருந்தார். வைஃபைதான் அவருக்கு மறுவாழ்வு கொடுத்தது.

“வைஃபைன்னா என்ன? வயர்லெஸ் ஃபிடிலிட்டி” என்று ஆரம்பிப்பார். 1999-இல் வணிகப் பெயர் சூட்டும் ஒரு நிறுவனம் காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று வைத்த பெயர் அது, விரிவாக்கமெல்லாம் பின்னால் ஒட்டவைத்தது என்று நான் எங்கோ படித்திருக்கிறேன். சொல்லிப் பார்த்தேன். ஒரு டம்ளர் மோர் கேட்டார்.

என் லேப்டாப்பின் வயர்லெஸ் அடாப்டருக்கு ஒரு குணம். அடியோடு செத்துப்போகாது. நான் கட்டுரை அனுப்பும்போது போகும். மாமா வந்து உட்கார்ந்ததும் வந்துவிடும். வீட்டில் அனலாய்க் கொதித்த குழந்தை, டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிச் சிரிப்பதில்லையா, அந்த மாதிரி. மாமா தலையைப் பின்னுக்குச் சாய்த்து, இரட்டைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்க்க வசதியாக மூடியை மல்லாத்திப் போட்டுக்கொள்வார். ரீஸ்டார்ட் பண்ணுவார். நெட் வரும். “பார்த்தீங்களா?” என்று எழுந்து போவார். லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்கும். நெட் போகும்.

நாலைந்து முறை இப்படி ஆனதும் அவர் லேப்டாப்பை விட்டுவிட்டு, குற்றவாளியைக் கட்டடம் முழுக்கத் தேட ஆரம்பித்தார். முதலில் மாட்டியது எதிர்வீட்டு மாமி. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை மைக்ரோவேவில் அப்பளம் சுடக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. இதில் வேதனை, மாமா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அந்த அடுப்பு ஓடுவது சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில்; என் வைஃபை 2.4-இல். அக்கம்பக்கம்தான். அடுப்பிலிருந்து கசிவது கொஞ்சம் இரைச்சல் போடத்தான் செய்யும். ஆனால் அப்பளம் சுட ஒரு நிமிஷம் ஆகும். எனக்கு நெட் போனதோ அரை நாள்.

அடுத்தது சேனல். எங்கள் மாடி வரிசையில் எட்டு ரவுட்டரும் ஆறாம் சேனலில் ஷேர் ஆட்டோ மாதிரி அடைந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார். 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று உரசாது, இதுவும் உண்மை. என்னைப் பதினொன்றுக்கு மாற்றினார். பரோபகாரி அல்லவா, ஒரு வாரத்துக்குள் மற்ற ஏழு வீட்டுக்கும் போய் அதே உபகாரத்தைச் செய்தார். இப்போது எட்டு பேரும் பதினொன்றில் நெருக்கியடிக்கிறோம்.

லேப்டாப்புக்குள்ளும் கைவைக்காமல் இல்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க அடாப்டரை அணைத்துக்கொள்ளலாம் என்கிற டிக்கை எடுத்துவிட்டார். “ஆள் இருக்கும்போதே ஃபேனை அணைக்கிற மாமனார் மாதிரி தம்பி இது.” அவர் செய்ததில் உருப்படியான காரியம் என்று நான் சாட்சி சொல்லக்கூடியது இது ஒன்றுதான். பிறகு டிரைவரைப் புதிதாகப் போட்டார். அது சரியில்லை என்று பழையதைப் போட்டார். ஒருநாள் கறுப்புத் திரையைத் திறந்து 127.0.0.1 என்று தட்டி பிங் அனுப்பினார். நாலு அனுப்பி நாலும் திரும்பி வந்தது. “லைன் கண்ணாடி மாதிரி இருக்கு! கோளாறு வெளியிலதான்.” நான் பரவசப்பட்டு அவருக்கு இன்னொரு டம்ளர் மோர் கொடுத்தேன். அந்த எண் எந்தக் கம்ப்யூட்டருக்கும் தன்னையே குறிப்பது, அடாப்டரைக் கழற்றித் தூரப்போட்டாலும் பதில் வரும் என்று என் அக்கா பையன் அப்புறம்தான் சொன்னான். தன் வீட்டுக் கதவை உள்ளேயிருந்து தட்டிவிட்டு, தானே “யாரு?” என்று கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறோம். மோர் வீண்.

கடைசியில் மாமாவுக்குத் தெரியாமல் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, ரிப்பேர்க் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். மாமா இந்நேரம் என் வீட்டு வாசலில் நின்றால் என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் குற்ற உணர்ச்சி. மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகை, ஒரு விளக்கு, ஒரு பையன். ரீஸ்டார்ட் பண்ணீங்களா என்று கேட்காத முதல் மனிதன். அடிப்பக்கத்தைத் திறந்து, விரல் அகலத்தில் இருந்த கார்டையும் அதிலிருந்து போகும் இரண்டு மெல்லிய வயர்களையும் காட்டினான், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.

“இதுதான் சார் ஆண்டெனா வயரு. கீல் வழியா மேலே போவுது. ஆண்டெனா மூடிக்குள்ள, ஸ்கிரீனைச் சுத்தி இருக்கு. தெறந்து மூடித் தெறந்து மூடி கீல்கிட்ட நைஞ்சிருக்கு பாருங்க. மூடியைப் பின்னாடி சாய்ச்சா ஒட்டிக்கும். நேரா வெச்சா விட்டுரும்.”

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுக் கண் கூசுகிறது என்று நான் மூடியை எப்போதும் நிமிர்த்தித்தான் வைப்பேன். இரட்டைக் கண்ணாடிக்காக மாமா மல்லாத்துவார். இத்தனை நாளும் ரீஸ்டார்ட்டில் வந்ததாக நாங்கள் நினைத்த நெட், அவர் மூக்குக் கண்ணாடியால் வந்திருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன் மொட்டைமாடியில் செய்ததையேதான் அந்த மனுஷன் என் சாப்பாட்டு மேஜையில் செய்திருக்கிறார்.

வயரை மாற்றிக்கொண்டு திரும்பினேன். மனசு கேட்காமல் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன்.

“ஆண்டெனா ஆங்கிள்! அதைத்தான் தம்பி நான் முதல் நாளே சொன்னேன்” என்றார்.

சொல்லவில்லை. ஆனால் செய்தார், மறுக்கமுடியாது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் அவர் அதிகம் வருவதில்லை. ஒழுங்காக ஓடுகிற லேப்டாப்பில் அவருக்கு என்ன இருக்கிறது? இரண்டாவது மாடியில் யாருடைய பிரிண்டரோ மக்கர் பண்ணுகிறதாம். நேற்றுச் சாயங்காலம் நான் பால் வாங்கப் போகும்போது அந்த வாசலில் அவர் செருப்பைப் பார்த்தேன். ராத்திரி குப்பை கொட்டப் போகும்போதும் அங்கேயேதான் கிடந்தது.