படுக்கும் இடம் அறிதல்: நாய், மழை, போர் ஆகிய மூன்றின் உறவு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

நாயைப் பற்றித் தமிழில் பழமொழிகள் ஏராளம், ஆய்வேடுகள் அரிது. மழையைப் பற்றி ஆய்வேடுகள் ஏராளம். அவற்றில் நாய் அரிது. போரைப் பற்றிய நூல்களில் தளபதி, பீரங்கி, குதிரை, அரிசி மூட்டை எல்லாம் வரும். முகாமின் ஓரத்தில் படுத்திருந்த நாய் மட்டும் வராது. அறிவுலகில் நெடுங்காலமாகக் கிடக்கும் இந்தப் பள்ளத்தைத் தூர்க்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களம் படாளம் கூட்ரோடு. இதைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையில் வேடந்தாங்கலுக்குத் திரும்பும் இடம் இதுதான். தொலைநோக்கியும் தொப்பியுமாகப் பறவை ஆராயப் போவோர் பலரும் இங்குள்ள நாய்களைத் தாண்டித்தான் போகிறார்கள். இறங்கி ஒரு குறிப்பு எடுப்பாரில்லை. இரண்டாவது, சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் என்பதால் கரும்பு டிராக்டர்களும் டிரெய்லர்களும் ஆங்காங்கே நிற்கும். நிற்கும் டிரெய்லரின் அடி நாய்க்கு நிழல், ஆய்வாளனுக்கு ஆய்வகம். மூன்றாவது, டீ நன்றாக இருக்கும்.

2. கருதுகோள்

போரில் அதிர்ஷ்டம் என்று பெயர் பெறுவதில் பெரும்பங்கு மழை, காற்று, மேகம் ஆகியவற்றுக்குரியது. மழைக்கு முன்பே இடம் மாறத் தெரிந்தது நாய். ஆகவே போரின் முடிவு நாய்க்கு முன்கூட்டியே தெரியும். தருக்க நூலார் இதை ஒப்பமாட்டார்கள். அவர்கள் எதைத்தான் ஒப்பினார்கள்? சான்றுகளைப் பார்ப்போம்.

3. முதற்சான்று: கொசஸ்தலை ஆற்றங்கரை, 1780

1780ஆம் ஆண்டு ஜூலையில் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். அவரை எதிர்க்கப் புறப்பட்டவர் சர் ஹெக்டர் மன்றோ. 1764இல் பக்சாரில் வென்ற பெருமைக்குரியவர். குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி தம் படையோடு வர வேண்டும், இருவரும் காஞ்சிபுரத்தில் சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

பெய்லி ஆகஸ்ட் 25ஆம் தேதி கொசஸ்தலை ஆற்றின் வடகரைக்கு வந்து சேர்ந்தார். அன்று கடந்திருக்கலாம். நமது ஆறுகளின் வழக்கப்படி அதுவும் மணலாகத்தான் கிடந்தது. ஆனால் அலுத்து வந்த படை. கூடாரம் போடத் தோதான கரை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தார்கள். இரவில் மேற்கே கொட்டியது. விடிந்தபோது ஆறு கரை கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. செப்டம்பர் முதல் வாரம் வரை பெய்லியால் அக்கரைக்குப் போக முடியவில்லை.

ஆவணி மாதத்தில் வடதமிழ்நாட்டு மழையின் இயல்பு இது. பகலெல்லாம் வெயில் காயும். மாலையில் மேற்கே கருக்கும். இரவில் இடியோடு பெய்து ஓயும். கொசஸ்தலைக்கு நகரி, நந்தி போன்ற துணையாறுகள் மலைப்பக்கத்திலிருந்து வருகின்றன. அங்கே பெய்தால் போதும், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். சென்னையில் வானாய்வகம் தொடங்கப்பட்டது 1792இல். பெய்லி பன்னிரண்டு ஆண்டுகள் அவசரப்பட்டுவிட்டார்.

அந்தத் தாமதத்துக்குள் ஹைதர் தம் ஆட்டத்தை முடித்துவிட்டார். செப்டம்பர் 6இல் திப்பு பெரம்பாக்கத்தில் பெய்லியை மறித்தார். பீரங்கிச் சத்தம் காஞ்சிபுரத்தில் மன்றோவுக்குக் கேட்டது. ஆனாலும் சேர்த்துவைத்த தானியத்தை விட்டு அவர் நகரவில்லை. கர்னல் ஃபிளெட்சரோடு சுமார் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். செப்டம்பர் 9ஆம் தேதி இரவு பெய்லி புறப்பட்டார். வழியில் மறுபடியும் நின்றார். காலையில் போகலாம் என்றார். விடிந்தபோது புள்ளலூரில் ஹைதரின் முழுப்படையும் சூழ்ந்திருந்தது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. எஞ்சியோர் சரணடைந்தனர். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782இல் இறந்தார். அந்தப் போரைத் திப்பு தமது தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டிவைத்தார், இன்றும் காணலாம்.

மன்றோ என்ன ஆனார்? பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு, துரத்தும் குதிரைப்படைக்கு நடுவே செங்கல்பட்டுக்கு ஓடிவந்தார். அங்கே சோறு இல்லை. பரங்கிமலைப் பக்கம் போய்த்தான் மூச்சுவிட்டார்.

இதில் நோக்கத்தக்கது: பெய்லி இரண்டு இரவுகள் படுத்தார், இரண்டும் தவறான இடம். வரலாற்றாசிரியர்கள் இதை துரதிர்ஷ்டம் என்பார்கள். இக்கட்டுரை அவ்வாறு கொள்ளாது.

4. துணைச்சான்றுகள்

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே சென்னையைப் பிடித்தார். ஐப்பசியில் இந்தக் கரையோரம் கப்பலை நிறுத்தக் கூடாது என்பது எந்தப் பட்டினவருக்கும் தெரியும். அவர் நிறுத்தினார். அக்டோபர் 13ஆம் தேதி இரவுப் புயலில் அவருடைய கப்பல்கள் சின்னாபின்னமாயின.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்று சென்னை நகரமே காலியானது. உயர்நீதிமன்றம் வெளியூர் போனது. விலங்குக் காட்சிசாலையில் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியர் வரவில்லை. 1943 அக்டோபரில் பெருமழை பெய்து நகரம் வெள்ளத்தில் மிதந்தபோது ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. அப்போது ஊரார் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அயல்நாட்டுச் சான்று இரண்டு. 1944 ஜூன் 5ஆம் தேதி நார்மண்டியில் இறங்க நேசநாட்டுப் படைகள் ஆயத்தமாக இருந்தன. வானிலை அறிஞர் ஜேம்ஸ் ஸ்டாக், புயல் வருகிறது என்றார். ஐசனோவர் ஒரு நாள் தள்ளிவைத்தார்; ஜூன் 6இல் இறங்கி வென்றார். போட்ட திட்டத்தை எழுப்பி இடம் மாற்றிய ஒரே தளபதியாக இக்கட்டுரையில் இடம்பெறுபவர் அவர்தான். மற்றொன்று, 1945 ஆகஸ்ட் 9ஆம் தேதி அணுகுண்டுக்கு முதலில் குறிக்கப்பட்டிருந்த நகரம் கொக்குரா. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் மும்முறை சுற்றிவிட்டு நாகசாகிக்குப் போனது. ஓர் ஊரின் மேகம் இன்னோர் ஊரின் சாவாயிற்று. அதில் கேலிக்கு இடமில்லை, நாய்க்கும் இல்லை.

5. நாயின் தகுதி

இத்துணைப் பெரிய பொறுப்பை நாயிடம் ஒப்படைக்கலாமா எனின், ஒப்படைக்கலாம் என்க.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளை மீட்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் அதன் பெயரும் எழுத்தில் உள்ளன. பெயர் கோவிவன். எத்தனையோ அமைச்சர்களின் பெயர்கள் அழிந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது.

இங்கே ஓர் அரிய பொருத்தத்தை முதன்முதலாக வெளியிடுகிறோம். இதே மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. பெய்லி தோற்ற அதே புள்ளலூர்! கோவிவன் வாழ்ந்த நாட்டின் மன்னன் அங்கே வென்றான். நாயைக் கலந்துகொள்ளாத கர்னல் அங்கே தோற்றார். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

வேண்டும் என்பார்க்கு இன்னும் இரண்டு. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று நம் ராஜபாளையம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது புதுச்சேரியை அடுத்த சின்னக் காலாப்பட்டில், குடிசைக்குள் போய் ஒளிந்த சிறுவனை வீட்டு நாய் கவ்வியும் முட்டியும் வெளியே தள்ளி மேட்டுக்கு ஏற்றியது. நாயின் பெயர் செல்வகுமார். வீட்டுக்குள் இருந்தால் பிழைக்கலாம் என்று நினைத்தது பிள்ளை. மேடு என்றது நாய்.

உடற்கூற்றிலும் குறையில்லை. மனித மூக்கில் மோப்ப உணர்விகள் ஐம்பது, அறுபது லட்சம் என்பார்கள். நாய்க்கு முப்பது கோடி வரை. இடிமழை பெய்யும்போது மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் பட்டு மழைக்கு முன்னே ஓடிவரும். நனைந்த மண்ணின் வாசனையைச் சுமந்துவருவது அதுதான். மண்வாசனையை மனித மூக்கும் மிக நுட்பமாக அறியும். ஆக, செய்தி இருவருக்கும் வருகிறது. நாய் எழுந்து போகிறது, நாம் "என்ன வாசனை!" என்று ரசித்துக்கொண்டு கொடியில் துணியை மறந்துவிடுகிறோம்.

6. களப்பணி

ஆவணி மாதத்து மாலை. காலி டிரெய்லர் ஒன்றின் அடியில், சக்கரத்தை ஒட்டிப் பறித்த சிறு குழியில் செவலை நிற நாய் ஒன்று சுருண்டிருந்தது. மூக்கு வாலுக்குள். மேற்கே வானம் லேசாகக் கருத்தது. சற்றைக்கெல்லாம் நாய் தலையைத் தூக்கியது. ஒரு காது நிமிர்ந்தது, மற்றது மடிந்தே இருந்தது. எழுந்து, முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, சாலையைக் கடக்காமல், தரையைவிட ஒரு முழம் உயர்ந்திருந்த கடைத் திண்ணைக்கு ஏறிப் படுத்தது. பின்னாலேயே காற்று வந்தது, பிறகு தூறல். குழியில் தண்ணீர் கட்டியது.

ஆய்வாளன் பரவசத்தோடு டீக்கடை அக்காவிடம், "பார்த்தீங்களா அக்கா, மழைக்கு முன்னாடியே எழுந்துடுச்சு" என்றான்.

"மழைக்கு எங்க சார் எழுந்துச்சு? கிளாஸ் கழுவுன தண்ணிய நான் அங்கதான் வீசி ஊத்துவேன். பக்கெட்டத் தூக்கினேன், எழுந்துச்சு."

ஆய்வுலகில் இதுபோன்ற இடையூறுகள் இயல்பு. ஆயினும் அக்காவின் கூற்று கருதுகோளை மறுக்கவில்லை, மேலும் வலுப்படுத்துகிறது. தண்ணீர் வானத்திலிருந்து வந்தாலும் வாளியிலிருந்து வந்தாலும், வருமுன் எழுந்தது நாய்.

7. மறுப்பும் விடையும்

மழைக்குப் பழமொழி சொல்வது எறும்பையும் தட்டானையும்தானே, நாயை அன்றே எனின்: எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டை ஏறுகிறது, தட்டான் தாழப் பறக்கிறது. எல்லாம் இடம் மாறுதலே. நாய் அதே கட்சி.

நாய் புயலை நான்கு நாள் முன்னே சொல்லுமா எனின்: சொல்லாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறும் என்று முன்னரே கணித்தது வானிலை ஆய்வு மையம். 9ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி அங்கேயே கரையேறியது. முன்னறிவிப்பு நுங்கம்பாக்கத்தின் தொழில். அதைக் கேட்டு எழுந்து போவது வேறு தொழில். அதில்தான் நாய் தேர்ச்சி பெற்றது.

தெய்வம் காப்பாற்றும் எனின்: மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் இருக்கிறார். 1798 வாக்கில் பெருமழையில் ஏரி உடையும் நிலை வந்தபோது, வில்லேந்திய இருவர் கரைமேல் காவல் நிற்பதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்டார் என்பது ஊர் வழக்கு. அந்தக் கதையிலும் கலெக்டர் கூடாரத்தில் படுத்திருக்கவில்லை. நடுராத்திரியில், கொட்டும் மழையில், கரையைப் பார்க்க வந்தார். எழுந்து வந்தவருக்கே தரிசனம்.

8. முடிபு

நாய்க்கு வானிலை ஞானம் உண்டா என்பது நிறுவப்படவில்லை. நிறுவப்பட்டது வேறொன்று. கூடாரம் அடித்துவிட்டோமே, தானியம் சேர்த்துவிட்டோமே, திட்டம் போட்டுவிட்டோமே என்ற கவலை நாய்க்கு இல்லை. ஈரம் வருகிறது என்றால் எழுந்து போவதில் அதற்கு வெட்கமும் இல்லை. பெய்லியையும் மன்றோவையும் கெடுத்தது மழை மட்டும் அல்ல. படுத்த இடத்தின் மேல் வைத்த பாசம். அதற்குத்தான் பிற்காலத்தில் அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் என்று பெயர் வைத்தார்கள்.

இது போருக்கு மட்டும் உரியதன்று. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. தண்ணீர் தன் பழைய இடங்களைத் தேடி வந்தது. அங்கே நம் வீடுகள் இருந்தன. 2021 நவம்பரில், மணல் மட்டுமே என்று நாம் முடிவுகட்டிவிட்ட பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது.

ஆகவே, செங்கல்பட்டு முதல் மதுராந்தகம் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் கொடி கட்டி விற்கும் வீட்டுமனைகளை வாங்க எண்ணுவோருக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றுதான். வரைபடத்தைப் பாருங்கள், பட்டாவைப் பாருங்கள், வில்லங்கச் சான்று கேளுங்கள். பிறகு ஐப்பசியில் நல்ல மழை நாளாகப் பார்த்து ஒருமுறை நேரில் போய், அந்த மனையில் நாய் படுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.