அறை எண் 304இலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: அறை எண் 304இல் இருக்கும் ஒரே மடிக்கணினி (உங்கள் பதிவேட்டின்படி).
பெறுநர்: வைஃபை நிர்வாகம், ஏரியைப் பார்த்த ஒரு விடுதி, கொடைக்கானல்.
பொருள்: இலவச வைஃபை – நன்றி தெரிவித்தலும் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதலும் – தொடர்பாக.
பார்வை: வரவேற்பறையில் தொங்கும் 'ஃப்ரீ வைஃபை' அட்டை.

ஐயா,

அறைக்கு இரண்டு கருவிகள்தான் என்கிறது அட்டை. நாங்கள் நாலு பேர், ஏழு கருவி. கூடுதல் மெத்தைக்குக் காசு வாங்கிக்கொண்டு அனுமதித்த தாங்கள், கூடுதல் கைபேசிக்கு அந்த வழியையும் வைக்கவில்லை.

முதலில் ஓடிபி. அறைக்குள் சிக்னல் கிடையாது. அதனால்தான் வைஃபையே கேட்கிறோம். இரண்டாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்னல் உண்டு, வைஃபை கிடையாது. எண்ணை முணுமுணுத்துக்கொண்டே மேலே ஓடிவந்தால் 'நேரம் முடிந்தது'. மூன்றாவது தடவை என் மனைவி படிக்கட்டில் நின்று கத்த, நான் அறையில் உட்கார்ந்து தட்டினேன். மாடி முழுக்கக் கேட்ட அந்த ஆறு எண்களுக்குத்தான் பாதுகாப்பு என்று பெயர். சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் கொழுந்தியாளுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. அவள் ஊரில் கைபேசி எண்ணுக்கு 8 இலக்கம். உங்கள் பக்கம் 10க்குக் குறைந்தால் முகம் கொடுப்பதில்லை.

ஆகவே பையிலிருந்த பயண ரவுட்டரை எடுத்தேன். சோப்பு டப்பா அளவுதான். உங்கள் வைஃபையை ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் எங்களுக்கென்று தனி வைஃபையாகத் தரும். தரவேண்டும். அதன் முகவரி 192.168.8.1, உங்கள் வலையமைப்பின் முகவரியும் அதுவே. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? என் டப்பாவின் எண்ணை 192.168.50.1 என்று மாற்றினேன். அப்புறமும் லாகின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் வைத்தேன், கழிப்பறைக் கதவில் மாட்டினேன், கற்பூரத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு லிஃப்ட் வரை நடந்தேன். ரூம் பாய் பக்தியோடு ஒதுங்கி நின்றார்.

கடைசியில் செய்ததுதான் குற்றம். ஓடிபி கொடுத்து உள்ளே போயிருந்த மடிக்கணினியின் மேக் முகவரியை, அந்த 12 எழுத்து அங்க அடையாளத்தை, ரவுட்டருக்குப் பூசிவிட்டேன். மடிக்கணினியை உங்கள் வைஃபையிலிருந்து இறக்கினேன். இப்போது உங்கள் கணக்கில் நாங்கள் ஒரே கருவி. ஒரு ரேஷன் கார்டு, உள்ளே ஏழு பேர் சாப்பிடுகிறோம்.

ஓடிபி கேட்பது உங்கள் தவறில்லை. 2008இல் பூட்டில்லாத வைஃபைகளில் புகுந்து சிலர் மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2009இல் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபையில் ஆளைச் சரிபார்க்கச் சொன்னது. நியாயம். ஆனால் ஓடிபி நான் யார் என்று உங்களுக்குச் சொல்கிறதே ஒழிய, பக்கத்து அறைக்காரரிடமிருந்து என்னைக் காப்பதில்லை. கடவுச்சொல்லைத்தான் ஊரறிய அட்டையில் அச்சடித்திருக்கிறீர்களே! என் டப்பா எங்கள் ஏழுக்கும் ஒரு வேலி போடுகிறது, அவ்வளவுதான். வேலிக்கு வெளியே ஓடுவது உங்கள் சாலை. அதற்கு விபிஎன் என்று தனியாக ஒரு போர்வை போர்த்திக்கொண்டேன்.

கருவி வரம்பை உயர்த்துங்கள் என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு நாற்காலி மட்டும் போட்டுக் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் மனைவிக்கு முழங்கால் வலி.

இப்படிக்கு,
304

இணைப்பு: இரவு 12 மணிக்கு அறுந்தது. மறுபடியும் ஓடிபி கேட்கிறது.