500 ரூபாய்ச் சலானை மறுத்தல்: ஒரு திணையியல் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

சென்னைவாசி ஒருவருக்கு ஸ்டாப் லைனைத் தாண்டியதாக 500 ரூபாய்க்குச் சலான் வருகிறது. "நான் தாண்டவே இல்லை" என்கிறார் அவர். அதை நிரூபிக்கக் கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் லீவு, ஆட்டோச் செலவு, ஜெராக்ஸ், இரண்டு டீ. கூட்டிப் பார்த்தால் 500 எப்போதோ தாண்டிவிடும். இது அவருக்கும் தெரியும். இருந்தும் போகிறார். ஏன்? பொருளியல் இக்கேள்விக்குக் கைவிரித்துவிட்டதால், இக்கட்டுரை பொருளதிகாரத்தின் துணையை நாடுகிறது.

2. முன்னோர் கொள்கைகள்

டீக்கடைச் சட்ட வல்லுநர்களிடையே இரு பள்ளிகள் உண்டு. முதலாவது, கட்டித்தொலைப்போர் பள்ளி. "ஐந்நூறு ரூபாய்க்கு எவன் சார் கோர்ட் படி ஏறுவான்?" என்பது இவர்களது மூல வாக்கியம். இரண்டாவது, கண்டுகொள்ளாதோர் பள்ளி. சலானைப் பார்க்காமல் விட்டால் அது தானே மறைந்துவிடும் என்பது இவர்களது மெய்யியல். வண்டியை விற்கப் போகும் நாளில் கம்ப்யூட்டர் திரை நிலுவைப் பட்டியலை விரிக்கும்போது இந்த மெய்யியல் சற்று ஆட்டம் காணும். இவ்விரு பள்ளிகளிலும் சேராத சிறுபான்மையினர் உளர். மறுப்போர் எனப்படும் அவர்களே இவ்வாய்வின் பொருள்.

3. திணைப் பகுப்பு

சிக்னல், குறிஞ்சி. அதன் உரிப்பொருள் சந்திப்பு. காவலர் மர நிழலில் மறைந்து நின்று எதிர்ப்படுவதால் இது களவொழுக்கத்தின்பாற்படும். அடுத்து மருதம், அதாவது ஊடல்: "மஞ்சள்லதான் சார் வந்தேன்." "ஓரமா நிறுத்துங்க, லைசென்ஸ் எடுங்க." பாலையில் பிரிதல் நிகழ்கிறது; பிரிவது பணம். சலான் வந்த செய்தியைக் குடும்பத்தார் போனில் பார்த்துவிட்ட பின் வீட்டில் நிலவுவது நெய்தல், அதாவது இரங்கல்.

கோர்ட்டோ ஐயத்திற்கிடமின்றி முல்லை. அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். எழும்பூராயினும் சைதாப்பேட்டையாயினும் இதில் வேறுபாடில்லை. நிலம், வராந்தாவும் அதன் மரபெஞ்சும். பழைய முல்லைக்கு மாலை. இதற்குக் காலை பத்தரை. கருப்பொருள்கள்: கேஸ் கட்டு, டவாலி, கறுப்புக் கோட்டு, வாய்தா. டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதுவரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அந்த நேரம் பார்த்து டீக்கடையில் இருப்பார். இது இத்திணைக்குரிய ஒழுக்கம். சாட்சி சொல்ல வேண்டிய காவலர் பந்தோபஸ்து டூட்டிக்குப் போய்விட்டால் வாய்தா விழும்; மறுப்போர் மீண்டும் முல்லைக்கே வருவார்.

4. சட்டத்தின் சாய்மானம்

சாலையோரம் நாம் கட்டுவதை 'ஃபைன்' என்று நினைக்கிறோம். அது தவறு. அபராதம் விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 200-ஆம் பிரிவுப்படி, வழக்கை அங்கேயே முடித்துக்கொள்வதற்கான சமரசத் தொகையைத்தான் காவலர் வாங்குகிறார். வழக்கே நடக்காமல் சமரசம் கண்ட மகிழ்ச்சி நம் முகத்தில் தெரியாததற்குக் காரணம் சட்ட அறிவின்மையே.

சமரசத்துக்கு இணங்காதவருக்கு அதே சட்டத்தின் 208-ஆம் பிரிவு அழகானதொரு வசதி செய்து தந்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்பவர் கோர்ட்டுக்கு வரவே வேண்டாம். பதிவுத் தபாலில் ஒப்புதலை எழுதிப் பணத்தையும் அனுப்பிவிட்டால் போதும். பதிவுத் தபாலே 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஆகவே குற்ற உணர்ச்சி இனி விரைவாகவும் பயணிக்கும். இணையத்தில் இயங்கும் மெய்நிகர் நீதிமன்றம் தபால் செலவையும் மிச்சப்படுத்திவிட்டது. அதில் இரு வழிகள்: தொகையைக் கட்டுவது, வழக்காடுவது. முதலாவதைத் தேர்ந்தால் வீட்டிலிருந்தபடியே கதை முடிந்தது. இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கு, செங்கல்லும் சுண்ணாம்புமான வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறிவிடும். ஆக, குற்றவாளியாவதற்கு ஒரு விரல் போதும்; நிரபராதியாவதற்கு முழு உடம்பும் தேவை. இதனை இவ்வாய்வு 'விரலுடல் விதி' எனப் பெயரிட்டு வழங்குகிறது.

தொகையும் கவனிக்கத்தக்கது. சிறு மீறல்களுக்கான 177-ஆம் பிரிவில் முதல் முறைக்கு 100 ரூபாயாக இருந்த உச்சவரம்பை 2019-இன் திருத்தம் 500 ஆக்கியது. 100 ரூபாய்க்காக எவரும் உண்மையைத் தேடிப் போவதில்லை. 10,000 என்றால் வக்கீலைத் தேடிப் போவார்கள். 500 மட்டுமே மனிதனைத் தன்மானத்துக்கும் சோம்பலுக்கும் நடுவில் சரியாக நிறுத்துகிறது.

5. மறுப்புரைகளின் வகை

அ. அன்மை வாதம்: "அது என் வண்டியே இல்லை." நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா 8-ஐயும் பி-யையும் குழப்பிக்கொள்வதால் எழுவது. கார் வைத்திருப்பவருக்கு ஹெல்மெட் அணியாததற்குச் சலான் வந்த செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். இவ்வாதத்தில் வெற்றி எளிது. காரைக் காட்டினால் போதும்.

ஆ. கருவி வாதம்: கேமராவையே கூண்டில் ஏற்றுவது. மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதிப்படி, கண்காணிப்புக் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். கேமரா இருப்பதை முன்கூட்டியே அறிவிக்கும் பலகை வேண்டும். மீறல் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். படத்தைச் சாட்சியமாக்க, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேறு. நம்மிடம் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்கக் கிடைக்கும் அரிய தருணம் இது.

இ. அற வாதம்: "ஆம்புலன்சுக்கு வழிவிடத்தான் சார் தாண்டினேன்." வழிவிடாமல் நின்றிருந்தால் 194இ பிரிவில் 10,000 ரூபாய் கட்டியிருக்கலாம். கோட்டைத் தாண்டி 9,500 ரூபாயை மிச்சப்படுத்தியவர் என்றே இவரைக் கொள்க. டேஷ்கேம் இல்லாவிடில், இவரது அறத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் ஆம்புலன்சுக்குள் படுத்திருந்தவர்.

ஈ. பிறன்சுட்டு வாதம்: "எனக்கு முன்னால போனவனை ஏன் சார் பிடிக்கல?" சாலையில் மிகப் பரவலாக வழங்குவது. நீதிமன்றத்தில் இதற்கு மதிப்பில்லை. தானும் போனதை இது ஒப்புக்கொண்டுவிடுகிறது.

6. முடிவு

விரலுடல் விதிப்படி, அறிவுள்ளவர் கட்டிவிடுவார். எனவே மறுப்போரை அறிவிலிகள் என்றே முறைப்படி முடிவுகட்ட வேண்டும். ஆயினும் ஒன்று. கேமராவிடம் "உன் சான்றிதழ் எங்கே?" என்று எவராவது கேட்டால்தான் அதற்குச் சான்றிதழ் வாங்கி வைக்கும் அவசியம் பிறக்கும். அந்தக் கேள்வியை அறிவுள்ளவர் கேட்க மாட்டார். அவருக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. விதி ஏட்டில் கிடக்காமல் சாலையில் இருப்பது, ஒரு நாள் சம்பளத்தை 500 ரூபாய்க்குத் தாரைவார்க்கத் துணிந்த இந்தச் சிறுபான்மையின் தயவால்தான்.

மேலாய்வாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வசூலான சலான்களை எண்ணி, நகரில் இத்தனை பேர் தவறு செய்தார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. செய்யாதவர்களும் கட்டிவிட்டார்கள்.