ஆட்டநானூறு: மூலமும் உரையும்

தமிழில் நானூறு என்ற எண் சும்மா வருவதில்லை. நற்றிணை நானூறு, குறுந்தொகை நானூறு, அகம் நானூறு, புறம் நானூறு. பிறகு நாலடியாரும் பழமொழியும் ஆளுக்கு நானூறு. இந்த வரிசையில் ஏழாவதாக வைக்கத்தக்க தொகைநூல் ஒன்று ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தமிழ்த் துறைகள் இன்னும் அதைக் கண்டுகொள்ளவில்லை. உள்ளங்கை அகலம், மூன்று அங்குலத் திரை, ‘400 இன் 1’ என்றொரு பாயிரம் (காண்க: அட்டைப்பெட்டி, மேல்பக்கம்). இந்தக் குட்டி வீடியோ கேமை வாங்கலாமா கூடாதா என்பதே ஆய்வுச் சிக்கல். ‘முன்னோடி ஆய்வுகள்’ என்ற இயலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை; வழக்கம்போல வேறொருவர் ஆய்வேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வகைமை. தண்ணீர் வகை: திருவிழாக் கடையில் கிடைக்கும், பட்டனை அமுக்கினால் வளையம் மிதந்துபோய்க் குச்சியில் விழும். ஆய்வுக்குரியதன்று.

செங்கல் வகை: தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறுக்கே பத்து, நெடுக்கே இருபது கட்டம். மேலிருந்து இறங்குவதை அடுக்க வேண்டும். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய டெட்ரிஸின் வழிநூல். முகப்பில் ‘9999 இன் 1’ என்றிருக்கும். உள்ளே செங்கல், பாம்பு, கார் என்று கொஞ்ச ஆட்டங்கள்தான். ஒவ்வொரு வேகத்தையும் ஒவ்வொரு லெவலையும் தனி ஆட்டமாக எண்ணிக் கணக்கை ஏற்றியிருப்பார்கள். இதை ஏமாற்று என்று வைபவர்கள் உண்டு, நான் வையமாட்டேன். ஒரே கட்டுரையை ‘சங்க இலக்கியத்தில் நீர்’, ‘சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை’, ‘நீரும் சங்கத் தமிழரும்’ என்று மூன்று பன்னாட்டுக் கருத்தரங்கக் கோவைகளில் பணம் கட்டி அச்சேற்றி, மூன்றையும் பதவி உயர்வுப் படிவத்தில் எழுதுகிற மரபு நமக்கு இருக்கிறது. செங்கல் பெட்டி வேகத்தையாவது மாற்றிக் கொடுத்தது.

இனி நானூறு வகை. இதன் மூலம், 1983 ஜூலையில் நிண்டெண்டோ ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாம். (இன்னும் இரண்டாயிரம் ஆண்டு முன்னே தள்ள வேண்டும் என்போர் தனியாக வந்து பேசவும்.) அந்த மெஷினின் சுற்றையெல்லாம் ஒரே சில்லில் அடக்கி, மேலே கறுப்புப் பசை ஒரு சொட்டு ஊற்றி மூடிவிட்டார்கள். போர்டைத் திறந்து பார்த்தால் நெற்றிப் பொட்டு மாதிரி தெரியும். அதற்கடியில் இருப்பதை யாரும் படிக்க முடியாது. உரை எழுதுவோருக்கு இதைவிட வசதியான மூலம் அமையாது.

நானூறு என்றால் நானூறா? புறநானூற்றில் 267, 268 கிடைக்கவில்லை, 1894இல் உ.வே.சா. அச்சிட்டபோதும் அது நானூறுதான். குறுந்தொகையில் ஒன்று கூடி 401. எது இடைச்செருகல் என்று இன்னும் வழக்கு நடக்கிறது. பெட்டியிலும் சில ஆட்டங்கள் நிறம் மாறி, தலைவனின் தலை மட்டும் மாறி, வேறு பெயரில் மீண்டும் வருகின்றன. இவற்றைப் பாடபேதம் எனக் கொள்க. ஆனாலும் கடைக்காரரிடம் கேட்டேன். “எண்ணிப் பார்த்து வாங்க இது என்ன முட்டையா சார்?” (கடைக்காரர், வாய்மொழி, பில் கேட்கும் முன்.)

திணைப் பகுப்புதான் இக்கட்டுரையின் உயிர். அவசரக்காரர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம். சூப்பர் மேரியோ (1985) பாலை என்பதில் ஐயமில்லை. தலைவியை ஆமைக்கூட்டம் கொண்டுபோய்விட்டது; தலைவன் சுரம் கடக்கிறான். பெண்ணை மீட்கப் போகிறவன் வழியெல்லாம் முட்டி முட்டிக் காசு சேர்ப்பானேன் என்று மற்றவர்கள் குழம்பலாம். நமக்கு அது பொருள்வயிற் பிரிவு. ஏழு கோட்டைகளிலும் ஒருவர் நின்றுகொண்டு ‘இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள்’ என்கிறாரே, அவர்தான் வாயில். தலைவன் தண்ணீரில் நீந்துவதால் இது நெய்தலே என்பாரும் உளர் (அக்கா மகன், ‘மாமா, இப்ப என் டர்ன்’, ஹால் சோபா வெளியீடு, தொகுதி 2, கண்ணீரால் சில வரிகள் சிதைந்துள்ளன). அது திணைமயக்கம் என்று சொல்லி பெட்டியைத் தர மறுத்தேன்.

காண்ட்ரா தும்பை, விளக்கம் வேண்டாம். பேட்டில் சிட்டி நொச்சி. கீழே செங்கல் சுவருக்குள் கழுகுச் சின்னம். மேலிருந்து எதிரி டேங்குகள் இறங்கும். கோட்டையைக் காக்க வேண்டும். நொச்சியைத் தனித் திணையாக்கிய புறப்பொருள் வெண்பாமாலைக்கு இதைவிட நல்ல சான்று உண்டா? அதை உழிஞைக்குள் அடக்கிய தொல்காப்பியர் இந்த ஆட்டத்தை ஒற்றை ஆளாக ஆடியிருக்க வேண்டும். நம் குண்டே பட்டு நம் கழுகு தகர்ந்துபோவதும் உண்டு. அந்தத் துறைக்கு வெண்பாமாலை எழுதிய ஐயனாரிதனார்கூடப் பெயர் வைக்கவில்லை.

மொத்தப் பெட்டிக்கும் பொதுவான திணை காஞ்சி. பாதியில் நிறுத்திச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. சுவிட்சை அணைத்தால் அதுவரை கடந்த உலகமெல்லாம் போச்சு. காஞ்சி என்றால் நிலையாமையா, எதிரூன்றலா என்று தொல்காப்பியத்துக்கும் வெண்பாமாலைக்கும் உள்ள வழக்கில் இறங்கினால் சார்ஜ் இறங்கிவிடும்.

விலைக்கு வருவோம். மலிவு என்பது குறையில்லை: கேம் பாய் (1989) செய்த குன்பெய் யோகோய், பழசாகி மலிந்துபோன தொழில்நுட்பத்தை வைத்தே புதுசு செய்யலாம் என்ற கொள்கைக்காரர். நம் பெட்டியின் பின்மூடியைத் தள்ளினால் இருப்பது பிஎல்-5சி பேட்டரி, நோக்கியா 1100 வைத்திருந்தவர்களுக்குப் பழைய சொந்தம். மொபைல் சர்வீஸ் கடையில் மாற்றிக்கொள்ளலாம். கறுப்புச் சொட்டு போனால் பெட்டியே போயிற்று. ஆட்டங்களை உருவாக்கியவர்களுக்கு இதிலிருந்து காலணா போகாது என்பதையும் குறித்துக்கொள்க. கியாரண்டி: “கடை வாசல் வரைக்கும்” (மேற்படி கடைக்காரர், திருத்திய இரண்டாம் பதிப்பு, பில் கேட்ட பின், முதற்பதிப்பில் ‘ஆறு மாசம்’ எனப் பாடம், ‘சைனா ஐட்டம் சார், பார்த்து யூஸ் பண்ணுங்க’ என்ற வரி பின்னிணைப்பில் மட்டும் காணப்படுகிறது). தனியாக ஆடுவதற்கென்றால் வாங்க வேண்டாம். இரண்டாவது ஆளுக்கான ரிமோட்டோடு வரும் பெட்டி என்றால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்கலாம். கழுகைக் காக்க இரண்டு பேர் வேண்டும். டிவியில் இணைத்து ஆடுவதென்றால், வாங்கும் முன் வீட்டு டிவியின் பின்பக்கத்தை எட்டிப் பாருங்கள். புது டிவிகள் பலவற்றில் ஏவி ஒயரின் மஞ்சள் பின்னைச் சொருக இடமே கிடையாது.